சிவப்பு மீனுக்கு இரண்டு சாட்சி

அன்றிரவு அந்த வீட்டில் இருந்தவர்கள் மூன்று பேர். மாடி அறையில் தொலைநோக்கியின் முன் அக்கா, ஓய்வு பெற்ற கணித ஆசிரியை. கீழே அவர் தம்பியின் மனைவி. கூடத்துச் சோபாவில் விண்மீன் நோக்குவோர் சங்கச் செயலாளர். வேறு யாரும் இல்லை.

தம்பி இறந்து எட்டு மாதம். அவன் நாற்காலியில் அக்கா கை ஊன்றியபோது, யாரோ இப்போதுதான் எழுந்துபோனதுபோல் அது சூடாக இருந்தது.

வடக்கு வானில் தம்பி முப்பது ஆண்டு பார்த்த அந்தச் சிறிய சிவப்பு மீன், சூரியனுக்கு அண்டை வீடு. ஆனாலும் வெறும் கண்ணுக்குத் தெரியாது. மாதக்கணக்கில் மங்கிக் கிடக்கும். திடீரென்று பல மடங்கு எரிந்து, காபி ஆறுவதற்குள் அடங்கிவிடும். அப்படி ஒரு பெரிய எரிவைத் தம்பி கடைசியாகத் தன் இடது கை எழுத்தில் பதிந்திருந்தான். வேறு யாரும் பார்க்கவில்லை.

"ஒருத்தர் பார்த்தா செல்லாதும்மா. ஆசையில தெரிஞ்சிருக்கும்," என்றிருந்தார் செயலாளர், சாப்பாட்டின்போது.

"எங்க வீட்ல ஆசைக்கு எண் எழுதற பழக்கம் இல்ல சார்," என்றார் அக்கா.

"அதே அளவு இன்னொரு தடவை எரிஞ்சு, ரெண்டு பேர் கையெழுத்து போட்டா ஏத்துக்கறோம். இல்லேன்னா காலையில எல்லாப் பதிவேட்டையும் தள்ளிட வேண்டியதுதான்."

"என்னைவிட அதைத்தான் அவர் அதிகம் பார்த்தார்," என்றாள் தம்பி மனைவி. "தூங்குங்க அண்ணி. அது எங்கயும் ஓடிடாது."

நள்ளிரவுவரை உடனிருந்த செயலாளர் கொட்டாவி விட்டுக்கொண்டே இறங்கிப்போனார்.

நேராகப் பார்த்தால் அந்த மீன் மறைந்துவிடும். பார்வையைச் சற்றே விலக்கினால்தான் ஓரத்தில் மெல்ல வந்து நிற்கும். அக்கா பார்வையை விலக்கியபோதெல்லாம், இருட்டில் திறந்திருந்த மற்றொரு கண்ணின் ஓரத்தில், நாற்காலியில் ஏதோ கனமாக அமர்ந்திருப்பது தெரிந்தது; தம்பி எப்போதும் சப்பிய இருமல் மிட்டாயின் புதினா வாசனை பதிவேட்டுத் தாள்களின் மேல் படிந்தது. திரும்பினால் வெறும் நாற்காலி. பார்வையை விலக்கினால், இருந்தது.

இரண்டு மணி பதினேழு. மீன் எரிந்தது.

"சார்! சீக்கிரம் வாங்க!"

கீழே அசைவில்லை. அக்கா வலது கையால் ஒரு வரி எழுதினார். ஒருவர் மட்டும். இதுவும் செல்லாது. மீன் மங்கத் தொடங்கியது.

நாற்காலி கிரீச்சிட்டது.

தோளில் இரண்டு தட்டு.

சிறு வயதிலிருந்தே தம்பியின் சைகை அது. நகரு, என் முறை.

கத்தியிருக்கலாம். முப்பது ஆண்டுப் பதிவேடுகள் மேஜையில் இருந்தன. அக்கா கண்ணை மூடினார். நகர்ந்தார்.

அருகில் மூச்சு இல்லை. பேனா உரசும் ஒலி மட்டும். பிறகு மௌனம். மீண்டும் இரண்டு தட்டு.

உன் முறை.

படியேறி வந்த செயலாளர் மூச்சிரைத்தார். "யாரு பார்த்தது?"

"ரெண்டு பேர்," என்றார் அக்கா.

இரண்டு வரியையும் அக்காவே எழுதிக்கொண்டார் என்று பேசிக்கொள்கிறார்கள். பொய். அக்கா எழுதியது மேல் வரி மட்டும். கீழ் வரி இடது கை எழுத்து. ஈர மையின் மேல் கை இழுபட்டிருந்தது. அதே மையில் அக்காவின் வெள்ளைச் சால்வையில், தோளின்மேல், நான்கு விரல்கள் பதிந்திருந்தன.