முப்பத்தோராவது மைல்

சூலியா தெருவில் நூர் பீவியின் பழைய சாமான் கடைக்குள் பெஞ்சமின் நுழைந்தபோது காலை மணி பத்து. வெளியே வெயில் கொளுத்தியது. உள்ளே துருவும் தார்க்கயிறும் கலந்த வாடை.

நூர் பீவி மேசைமேல் வைத்தது ஒரு பித்தளை லாக். படகின் பின்கட்டையில் பொருத்துகிற, கடிகாரம் போன்ற வட்ட முகம். அதிலிருந்து நீளும் கயிற்றில் சுழலியைக் கட்டிக் கடலில் விட்டால், படகு ஓட ஓட அது சுழலும், கயிறு முறுக்கும், முள் மைல்களை எண்ணும். மைலுக்கு ஒரு தரம் உள்ளிருக்கும் சின்ன மணி 'டிங்' என்னும்.

பெஞ்சமினுக்கு அது இல்லாமல் முடியாது. லங்காவி போகும் வழியில் முப்பத்தைந்தாவது மைலில் பாறைகள். போன மாதம் மழையில் குத்துமதிப்பாக ஓட்டிப் போய், அடிப்பலகை உராய்ந்து, அவனும் தம்பி லாரன்சும் பிழைத்தது அந்தோணியார் புண்ணியம்.

"சுழலி எங்கக்கா?"

"மீன் கடிச்சுக் கொண்டுபோயிருச்சுன்னு வித்தவரு சொன்னாரு தம்பி."

பெஞ்சமின் கயிற்று நுனியைத் திருப்பினான். சுறா கடித்தால் பிய்ந்து பிசிறடிக்கும். இது ஒரே வீச்சில் கத்தி வெட்டிய நுனி. முள் பூஜ்யத்தில் நின்றது.

"வேணுமா வேணாமா லா? மோந்து மோந்து பாக்க இது என்ன கருவாடா?"

வாங்கிவிட்டான்.

மறுநாள் விடியலில் படகு கிளம்பியது. அந்த வெட்டு நுனியில் லாரன்ஸ் புதுச் சுழலியை முடிந்து கடலில் விட்டான்.

"நான் தவறி விழுந்தா இந்தக் கயித்ததான் புடிப்பேன். மூணு சுண்டு சுண்டுவேன், இழுத்துடுங்கண்ணே."

"நீ விழுந்தா உன்ன எவன்டா இழுப்பான்? ஒரு வாய் சோறு மிச்சம்."

லாரன்ஸ் சிரித்தான். சிறுவயதில் கப்பல்காரர்கள் எறியும் சில்லறைக்காக படகுத்துறை ஓரம் இருவரும் முங்குவார்கள். இடுப்புக் கயிற்றை மூன்று தரம் சுண்டினால் 'இழு' என்று பொருள். அது அவர்கள் இருவருக்கு மட்டுமே தெரிந்த சங்கதி.

பிற்பகல் இரண்டு மணிக்கு மழை வந்தது. சாதாரண மழையல்ல, வெள்ளைச் சுவர். முன்பாயை இறக்க லாரன்ஸ் போனான். நாலு எட்டில் மறைந்தான்.

டிங்.

முப்பத்தொன்று. பாறைகளுக்கு இன்னும் நாலு மைல்தான். பெஞ்சமின் சுக்கானை இறுகப் பிடித்துக்கொண்டான்.

அப்போது முள் நின்றது.

பாய் நிறையக் காற்று இருந்தும் படகு தயங்கியது. லாக் கயிறு கம்பிபோல் விறைத்தது. நாள்பட ஊறி அழுகிய கயிற்றின் வாடை பின்பக்கமிருந்து எழுந்தது.

"லாரன்ஸ்! எங்கடா இருக்க?"

"இங்கதாண்ணே."

முன்பக்கமிருந்து. நிதானமாக. அப்பாடா என்றிருந்தது பெஞ்சமினுக்கு.

ஆனால் கயிறு அதிர்ந்தது. விட்டு விட்டு. கைமாற்றிக் கைமாற்றி யாரோ ஏறி வருகிற அதிர்வு.

கத்தியால் வெட்டிய அந்த நுனி அவன் நினைவுக்கு வந்தது. அன்று வெட்டிவிடப்பட்ட எவனோ, இன்று ஏறி வருகிறான்.

"லாரன்ஸ்! இங்க வாடா!"

"இங்கதாண்ணே."

அதே குரல். அதே நிதானம்.

கயிறு சுண்டியது. ஒன்று. இரண்டு. மூன்று.

கத்திக்குப் போன பெஞ்சமினின் கை ஒரு கணம் நின்றது. ஒரே ஒரு கணம். அலைப் பள்ளத்தில் வெளுத்த விரல்கள் தெரிந்தன. கத்தியை உருவிக் கயிற்றின்மேல் ஒரே வீச்சு வீசினான்.

படகு துள்ளி ஓடியது.

சுக்கானைக் கட்டிப்போட்டுவிட்டு முன்னால் ஓடினான். பாதி இறங்கிய பாய் படபடத்தது. கீழே லாரன்சின் தொப்பி கிடந்தது. ஆள் இல்லை.

"இங்கதாண்ணே" என்றது வெறுங்காற்று.

படகைத் திருப்பி இருட்டும்வரை கத்தினான்.

தம்பியை அலை அடித்துக்கொண்டு போய்விட்டது என்றுதான் ஊரில் சொன்னான். மனைவி ஜூலியானாவிடமும் அதையேதான் சொன்னான். அவள் மெழுகுவத்தி ஏற்றி அழுதாள். பக்கத்தில் சாக்கில் சுற்றி வைத்திருந்த லாக் மணியடித்தது.

டிங்.

பிரித்துப் பார்த்தான். சுழலியும் இல்லை, கடலும் இல்லை. முள் முப்பதில் நின்றது. பின்னோக்கி ஓடுகிறது.

கடலில் போட்டுவிடலாம் என்று எடுத்தான். கடலோரம் போகவே கால் வரவில்லை. இருபது. பதினொன்று. நாலு. எங்கிருந்தோ எதுவோ நெருங்கிக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் காலை முள் ஒன்றைத் தொட்டதும் சூலியா தெருவுக்கு ஓடினான்.

"எடுத்துக்குங்கக்கா. சும்மாவே எடுத்துக்குங்க."

"சுழலி எங்க தம்பி?"

"மீன்... மீன் கடிச்சுக் கொண்டுபோயிருச்சு."

நூர் பீவி கயிற்று நுனியைக் கட்டைவிரலால் தடவினாள். நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

"முந்தி வித்தவரும் இதேதான் சொன்னாரு."

டிங்.

பூஜ்யம்.

கடைக்குள் அழுகிய கயிற்றின் வாடை எழுந்தது. வெயில் காயும் வாசற்படியில் தண்ணீர் சொட்டும் சத்தம். பெஞ்சமின் திரும்பவில்லை. அவன் கையிலிருந்த லாக்கின் ஒரு முழக் கயிறு மெல்ல நனைந்து, வாசலை நோக்கித் தானாக விறைத்தது.

ஒன்று.

இரண்டு.

மூன்று.