சுவரைப் பார்த்த சைலன்சர்

பிணம் பைக் ஓட்டிக்கொண்டிருந்தது.

அதாவது, அப்படித்தான் தெரிந்தது. கதவு சாத்திய ஷெட்டுக்குள், நின்ற பைக்கின் மேல் பாத்திரக்கடைக்காரர் கவிழ்ந்து கிடந்தார். வலது கை ஆக்சிலரேட்டர் மேலேயே கிடந்தது. மூக்கையும் வாயையும் சேர்த்து ஈரக் கர்ச்சீப் கட்டியிருந்தார்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு உடலை இறக்கி வெளியே கொண்டு போனார்கள்.

இன்ஸ்பெக்டர், வரவழைத்திருந்த மெக்கானிக்கம்மாவை ஏற இறங்கப் பார்த்தார்.

"நேத்து இந்த வண்டிய சர்வீஸ் பண்ணது நீங்கதானே?"

"ஆமா சார்."

"குனிஞ்சு பாருங்க."

பார்த்தாள். எஞ்சினிலிருந்து வரும் புகைக்குழாயில் ஒரு ஓட்டை. அதில் முடுக்கியிருக்க வேண்டிய ஆக்ஸிஜன் சென்சார் ஒயரில் தொங்கிக்கொண்டிருந்தது...



"இந்தம்மா சரியா முடுக்கல சார். கழண்டு விழுந்துருச்சு."

சொன்னவன் இறந்தவரின் தம்பி. மில்லில் நைட் ஷிப்ட். பகலெல்லாம் தூங்கி எழுந்து, அண்ணனைத் தேடி ஷெட்டைத் திறந்தவன்.

"நேத்து வண்டி வீட்டுக்கு வரும்போதே கறுப்புப் புகை. அதுக்குத்தான் மூக்கக் கட்டிக்கிட்டு அண்ணன் என்னன்னு பாத்திருக்காரு. இந்தம்மா கொன்னுட்டாங்க."

"ஸ்டேஷனுக்குப் போலாமா?" என்றார் இன்ஸ்பெக்டர், டீ குடிக்கக் கூப்பிடுவது போல.

பன்னிரண்டு வருஷமாகக் கட்டிக் காத்த ஒர்க்ஷாப். ஒரு மரையில் கழன்றுவிடுமா? நேற்று பாத்திரக்கடைக்காரர் கேட்ட ஒரு கேள்வி அவள் நினைவில் குறுகுறுத்தது. இப்போது அதைச் சொன்னால் கயிறு இறுகும். சொல்லவில்லை.

"ரெண்டு நிமிஷம் சார். அப்புறம் விலங்கு மாட்டுங்க."

"சொல்லுங்க."

"இது வண்டியோட மூக்கு. எரிஞ்சு வர்ற புகையில ஆக்ஸிஜன் மிச்சம் இருக்கான்னு மோந்து பாக்கும். மிச்சம் நெறைய இருந்தா, 'பெட்ரோல் பத்தல, ஊத்து'ன்னு கம்ப்யூட்டர் பெட்டிக்குச் சொல்லும். கம்மியா இருந்தா, 'போதும், குறை'ங்கும். அடுப்படியில நிக்கற மாமியார் மாதிரி, ஓயவே ஓயாது."

"வெளிய தொங்கினா?"

"காத்துல ஆக்ஸிஜனுக்கா பஞ்சம்? 'ஊத்து, ஊத்து'ன்னே சொல்லும். பெட்டியும் நம்பி ஊத்தும். பெட்ரோல் அரைகுறையா எரிஞ்சு, வாசனையே இல்லாத விஷம் கிளம்பும்."

"அப்ப தப்ப ஒத்துக்கறீங்க."

அவள் சீட்டைக் கழற்றி, கம்ப்யூட்டர் பெட்டியில் தன் ஸ்கேனரைச் சொருகினாள்.

"மூக்கு உளறுதுன்னு பெட்டிக்குச் சந்தேகம் வந்தா குறிச்சு வச்சுக்கும். எத்தனாவது கிலோமீட்டர்லன்னும் சேத்து. படிங்க."

"பதினெட்டாயிரத்து நானூத்திப் பன்னெண்டு."

"இப்ப மீட்டர்?"

"...அதேதான்."

"நான் ஒப்படைச்சப்ப நானூத்தி ஆறு. என் கடையிலேர்ந்து இங்க ஆறு கிலோமீட்டர். வழி பூரா மூக்கு ஒழுங்கா இருந்திருக்கு சார். ஷெட்டுக்குள்ள வந்து நின்னப்புறம்தான் யாரோ கழட்டியிருக்காங்க."

இன்ஸ்பெக்டர் தம்பியின் பக்கம் மெதுவாகத் திரும்பினார்.

"கறுப்புப் புகை... ம்?"

தம்பி உடைந்தான்.

"பொய்தான் சார். அண்ணன் தற்கொலை பண்ணிக்கிட்டாருன்னு தெரிஞ்சா ஊரு என்ன பேசும்? தங்கமான மனுஷன். அவர் பேரு கெடக் கூடாதுன்னுதான்..."

"அவர் பேருக்கு என் கழுத்தா?" என்றாள் மெக்கானிக்கம்மா. "சரி, தானா சாகறவர் எதுக்குத் தம்பி மூக்கக் கட்டிக்கணும்?"

அவள் சாவியைத் தொட்டுக் காட்டினாள்.

"சாவி ஆன்ல இருக்கு. டேங்க்ல பெட்ரோல் இருக்கு. எஞ்சின் மட்டும் நின்னிருக்கு. இப்படித் திணறத் திணறப் பெட்ரோல் குடிச்சா, சும்மா விட்டதும் அணைஞ்சிடும். ஆக்சிலரேட்டரத் திருகிக்கிட்டே இருக்கணும். இவர் உக்காந்து திருகியிருக்காரு. பிடி தளர்ந்ததும் அதுவும் நின்னுருச்சு."

பேசிக்கொண்டே பின்பக்கம் போனவள் சட்டென்று நின்றாள்.

பைக் பின்பக்கமாகத் தள்ளிச் சுவரை ஒட்டி நிறுத்தப்பட்டிருந்தது. சைலன்சரின் வாய்க்கு நேராகச் சுவரில் ஒரு ஓட்டை. பழைய தண்ணீர்க் குழாய் போன வழி.

"அந்தப் பக்கம் என்ன இருக்கு?"

தம்பி அந்த ஓட்டையையே பார்த்தான்.

"என் ரூம்... என் தலைமாடு."

"பகல்ல நீங்க தூங்கற இடம்."

"வீட்ட விக்கக் கையெழுத்துப் போட மாட்டேன்னு போன வாரம்தான் சொன்னேன்..." அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"அப்புறம் நீ எப்படிய்யா உயிரோட இருக்கே?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"நைட் ஷிப்ட் சார். துளி வெளிச்சம் வந்தாலும் தூக்கம் வராது. முந்தாநாள் பழைய பேன்ட்டச் சுருட்டி அந்த ஓட்டைய அடைச்சேன். அண்ணனுக்குத் தெரியாது."

மெக்கானிக்கம்மா தலையாட்டினாள்.

"சைலன்சர் புகை சுவர்ல முட்டித் திரும்பியிருக்கு. போதாததுக்கு, சென்சாரக் கழட்டின ஓட்டைய அடைக்க மறந்துட்டாரு. அந்தப் புகை நேரா அவர் காலடியிலயே."

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"பாத்திரம் விக்கறவருக்கு இந்த வித்தையெல்லாம் யாரு சொல்லிக் குடுத்தா?"

மெக்கானிக்கம்மா ஸ்கேனர் ஒயரைச் சுருட்டினாள்.

"இதக் கழட்டினா என்னாகும்னு நேத்து கேட்டாரு சார். அக்கறையான கஸ்டமர்னு நானும் வெவரமா சொன்னேன்."

"வேற ஏதாவது கேட்டாரா?"

"இல்ல சார். கர்ச்சீப் தாங்குமான்னு கேட்டிருக்கலாம்."