பிறந்தநாளில் பிறந்த பகா எண்

மழை பிடித்துக்கொண்ட சாயங்காலம். மர்பி டவுன் வீட்டில் குழந்தையை ஒருவழியாகத் தூங்கவைத்துவிட்டு லேப்டாப் முன் வந்து உட்கார்ந்த கிருத்திகாவுக்கு, எங்கிருந்தோ புது மரம் அறுத்த வாசனை வந்தது. இந்த மழையில் யார் தச்சுவேலை செய்கிறார்கள் என்று அலுத்துக்கொண்டே திரையைப் பார்த்தாள். விடை ஒன்று என்று வரவேண்டிய இடத்தில் வேறு ஏதோ வந்திருந்தது.

அவள் கம்பெனி வாசல் கதவுகளுக்கு மின்பூட்டு செய்கிறது. ஒவ்வொரு பூட்டுக்குள்ளும் அறுநூறு இலக்கத்துக்கு மேல் நீளும் ஓர் எண், இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்கி எடுத்தது. அதைத் திரும்பப் பிரிக்க எந்தக் கணினியாலும் ஆகாது. ஆனால் இரண்டு பூட்டுகளுக்குள் ஒரே பகா எண் இருந்துவிட்டால் போச்சு, பள்ளிக்கூடத்து மீப்பெரு பொது வகுத்திக் கணக்கே இரண்டையும் திறந்துவிடும். அதனால் எண்களை ஜோடி ஜோடியாகச் சோதிப்பது அவள் வேலை. பொதுக் காரணி ஒன்றுதான் என்று வந்தால் நிம்மதி. நாள் முழுக்க ஒன்று, ஒன்று, ஒன்று. கண் எரிந்தது, இடுப்பு கழன்றுவிடும் போலிருந்தது.

இந்த ஒரு ஜோடிக்கு மட்டும் நீளமாக ஓர் எண் வந்து நின்றது. ஜோடியில் ஒன்று அவள் வீட்டு வாசல் பூட்டு.

கூட வேலை செய்யும் ராகேஷுக்குப் போன் போட்டாள்.

“உங்க வீட்ல இருக்கறது டெஸ்டிங் பீஸ்தானே மேடம்? அதுல ஏதாவது பண்ணீங்களா?”

வெட்கத்தோடு சொன்னாள். சோதனையில் தடவைக்கொரு புது எண் வந்து உயிரை வாங்கியதால், தொடக்க எண்ணாக மகள் அனுஷாவின் பிறந்தநாளைப் போட்டிருந்தாள். அப்புறம் மாற்ற மறந்துபோனாள். அந்தத் தேதியிலிருந்து வந்த பகா எண்தான் இது.

“சரி விடுங்க. இன்னொரு பூட்டுல அதே தேதிய யார் போட்டாங்க?”

“அது யார் வீட்ல இருக்குன்னு பாருங்க.”

போனில் அவன் கீபோர்டைத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு நின்றது.

“நாம செஞ்ச பூட்டே இல்ல மேடம். தானா வந்து பதிவாகியிருக்கு. உங்க வீட்டு வைஃபைலதான் இருக்கு. உங்க வீட்ல ரெண்டு வாசலா?”

“ஒண்ணுதான்.”

“அப்போ இதுல யாரோ நம்பர் அழுத்தறாங்களே.”

அனுஷா தூங்கும் உள்ளறையில் பீப் என்றது.

எழுந்து உள்ளே போனாள். மர வாசனை இப்போது நெஞ்சை அடைத்தது. பீப். பீப். பிறந்த நாள். மாதம். வருஷம்.

அறைக்குள் இருட்டு. கட்டிலுக்குப் பக்கத்தில், மத்தியானம் வரை வெறும் சுண்ணாம்பாக இருந்த சுவரில், புது மரச்சட்டமும் பூட்டின் சின்னப் பச்சை விளக்கும்.

சுவர் விரல் அகலம் திறந்தது.

“வாடா கண்ணு. அம்மா வேலைய முடிச்சுட்டேன்.”

களைத்துப்போன குரல். அவளுடைய குரல். அவள் வாய் திறக்கவில்லை.

தூக்கக் கலக்கத்தில் அனுஷா எழுந்து உட்கார்ந்து, எப்போதும்போல் தூக்கிக்கொள்ளச் சொல்லி, சுவரைப் பார்த்து இரண்டு கைகளையும் நீட்டினாள்.