பக்கத்தில் ஒரு சின்ன பீக்

விடுமுறை நாளில் அவன் கண் விழித்தபோது, வீட்டில் சொறியும் சத்தம் இல்லை.

மாதக்கணக்காக அந்தச் சத்தத்தில்தான் அவனுக்குப் பொழுது விடிந்துகொண்டிருந்தது. மனைவிக்கு ஈரலுக்குள் ஓடும் பித்தக் குழாய்கள் ஒவ்வொன்றாக அழிந்துகொண்டிருந்தன. குடலுக்கு இறங்க வேண்டிய பித்தம் வழியில்லாமல் ரத்தத்தில் ஏறி, உடம்பெல்லாம் அரிப்பாக வந்து நின்றது. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அதிகம். முதலில் நகத்தால் சொறிந்தாள், பிறகு சீப்பால், பிறகு பாதத்தைச் சுவரில் வைத்துத் தேய்த்தாள். சர்க், சர்க் என்று காய்ந்த தோல் சுண்ணாம்பில் உரசும் அந்தச் சத்தம் அவன் காதிலேயே குடியேறிவிட்டது. பாவம் என்று முதலில் தோன்றியது. போகப் போக எரிச்சல்தான் மிஞ்சியது. ஒரு தடவை, "பின்னாடி ரூம்ல போய்ச் சொறியேன், மனுஷன் தூங்க வேண்டாமா?" என்று எரிந்து விழுந்தான். அவள் தலையணையை எடுத்துக்கொண்டு போனாள். அதிலிருந்து அவளுக்கு அங்கேதான் படுக்கை.

இப்போது அந்த அறையின் கதவு வெளிப்பக்கம் தாழ் போட்டுக் கிடந்தது. அவள் சமையலறையில் ஈரத் துண்டைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

"அரிப்பு நின்னுடுச்சுங்க," என்றாள் திரும்பாமலே.

அவன் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். அவள் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றான். முந்தின நாள் சாயங்காலம்தான் ஈரலுக்கான மருந்துப் பொடியில் முதல் கரண்டியை அவளுக்குக் கொடுத்திருந்தான். "இது மிச்சமிருக்கிற ஈரலைக் காப்பாத்தும், அதுக்கே மாசக்கணக்கா ஆகும். அரிப்பை நிறுத்தும்னு மட்டும் நம்பிடாதீங்க," என்று மருத்துவர் தெளிவாகச் சொல்லியிருந்தார். அது அவனுக்கும் தெரியும். அந்த மருந்தைச் செய்யும் ஆலையில்தான் அவனுக்கு வேலை.

மாட்டுப் பித்தம் பீப்பாய் பீப்பாயாக அங்கே வந்து இறங்கும். அதைக் காரத்தில் கொதிக்கவைத்து, அமிலத்தைப் பிரித்து, படிப்படியாக மாற்றி, கரடியின் பித்தத்தில் தானாகவே இருக்கும் அமிலமாக ஆக்குவார்கள். ஆலையில் அதற்கு உர்சோ என்று பெயர். சின்னக் கொழுப்புக் கற்களைக் கரைக்கும், நொந்த ஈரலைத் தாங்கும். கடைசிப் படியில்தான் வில்லங்கம். ஏழாவது கரியணுவில் தொங்கும் சின்னஞ்சிறு ஒட்டு ஒரு பக்கம் பார்த்தால் உர்சோ. மறுபக்கம் பார்த்தால் கீனோ. அதே அணுக்கள், அதே எடை, தராசுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் கீனோ நொந்த ஈரலை மேலும் நோகடிக்கும்.

இரண்டையும் கருவியில் ஏற்றிப் பிரித்துப் பார்ப்பது அவன் வேலை. திரையில் கோடு ஓடும். பொருள் வந்ததும் பீக்காக, கூர்முனையாக எழும். கடைசியாகத் தயாரான லாட்டில், அந்தத் தொகுதி மருந்தில், உர்சோவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன பீக் எழுந்தது. கீனோ வரும் இடமும் அல்ல, அவனுக்குத் தெரிந்த எதன் இடமும் அல்ல. கடைகளில் மருந்து தீர்ந்து போயிருந்தது; வீட்டில் அவள் சுவரைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவன் திரும்ப ஏற்றினான். திரும்பவும் அதே பீக். மறுபடி ஏற்றினான். பீக் காணாமல் போனது. அந்த ஓட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு லாட்டைத் தேற்றிவிட்டு, மாதிரிப் புட்டியிலிருந்து கொஞ்சம் பொடியை அவளுக்காக எடுத்து வந்தான்.

அவள் துண்டை உதறி மேசைமேல் விரித்து, இரண்டு கைகளாலும் நீவினாள். வலது கையின் கட்டைவிரல் உள்ளே பார்த்தது. இடது கையின் கட்டைவிரல் வெளியே பார்த்தது.

அவன் கண்ணைக் கசக்கினான். குழாயைத் திறந்து முகம் கழுவிவிட்டு வந்து பார்த்தான். கட்டைவிரல் அதனதன் இடத்தில் இருந்தது. தூக்கக் கலக்கம்தான் என்று மனசைத் தேற்றிக்கொண்டான்.

ஆனால் வாசனையும் இல்லை. நோய் வந்ததிலிருந்து அவள் மேல் ஊறின தோல் வாடை ஒன்று வீசும். அதற்கும் அவன் முகம் சுளித்ததுண்டு. இப்போது அவளைத் தாண்டி நடந்தபோது எந்த வாடையும் வரவில்லை. வியர்வை இல்லை, சோப்பு இல்லை. ஒன்றுமே இல்லை.

வாசலுக்குப் போய் ஆய்வகத் தலைவருக்கு ஃபோன் போட்டான். கெடுபிடி என்பது அவருக்கு ஆலை வைத்த பெயர்.

"சார், அந்தக் கடைசி லாட்டு. மொதல்ல ஒரு பீக் வந்துச்சு. அப்புறம் போயிடுச்சு."

"போயிடுச்சா? பொருளுக்குக் காலா முளைச்சிருக்கு, எழுந்து போக? அது அங்கேயேதான்யா இருக்கும். உன் கண்ணுக்குப் படலைன்னு சொல்லு."

அவர் மேலே திட்டியது எதுவும் அவன் காதில் விழவில்லை. வீட்டுக்குள்ளிருந்து சத்தம் வந்தது.

சர்க். சர்க்.

பட்டப்பகல். தெருவில் யாரோ வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அவன் உள்ளே நடந்தான். அவள் மேசையருகே அசையாமல் நின்றாள். சத்தம் அவளிடமிருந்து வரவில்லை. பின்பக்க அறையிலிருந்து வந்தது. கதவுக்கு அந்தப் பக்கம், தரையோடு தரையாக.

"ஏங்க..." கதவுக்குள்ளிருந்து மனைவியின் குரல். கரகரத்து, அழுது வற்றிப்போன குரல். "யாரோ தாழ் போட்டுட்டாங்க. திறங்களேன். எரியுதுங்க."

அவன் தாழில் கை வைத்தான்.

"திறக்காதீங்க," என்றது பின்னாலிருந்து அதே குரல். அழுகை இல்லாத, சுகமான குரல். "திறந்தா ராத்திரியெல்லாம் அதே சத்தம்தான். உங்களுக்குத் தூக்கம் வேண்டாமா?"

திரும்பினான். அவள் துண்டை நீட்டிக்கொண்டிருந்தாள். இடது கையால். கட்டைவிரல் மறுபக்கம். இந்தத் தடவை கண்ணைக் கசக்கவில்லை. கசக்கி என்ன ஆகப்போகிறது?

இரண்டும் வலது கை.

"ஏங்க, நீங்க அங்கதான நிக்கிறீங்க? நிழல் தெரியுதுங்க."

கதவடி இடுக்கில் விரல்கள் வெளியே வந்தன. மஞ்சள் பாரித்த விரல்கள். தேய்ந்த நகங்கள். அவை அவனைத் தேடவில்லை. நிலைப்படியின் விளிம்பில் தங்களைத் தாங்களே தேய்த்துக்கொண்டன. சர்க். சர்க். அவன் கல்யாணம் செய்துகொண்ட விரல்கள். அவனுக்குத் தெரியும். சந்தேகமே இல்லை. அவள்மேல் அவனுக்கு உயிர். அந்தச் சத்தத்தை அவன் வெறுத்தான். எது பெரிது என்று இத்தனை நாள் அவனை யாரும் கேட்டதில்லை.

தாழிலிருந்து கையை எடுத்தான்.

துண்டை வாங்கினான். முட்டி போட்டான்.

"வந்துட்டீங்களா?" என்றாள் உள்ளே இருந்தவள், நிம்மதியாக.

அவன் அந்த விரல்களை ஒவ்வொன்றாக மெதுவாக உள்ளே தள்ளிவிட்டு, ஈரத் துண்டை இடுக்கில் திணித்தான்.