நடுத்திட்டுப் புல்தரை

ஊற்றிய தண்ணீர் அந்த ஓரிடத்தில் மட்டும் தேங்கவே இல்லை. வைரக்கண்ணு கால்மணி நேரமாய் ரப்பர் குழாயை அங்கேயே பிடித்துக்கொண்டிருந்தாள். உச்சிவெயிலில் இருபுறமும் காவிரி சலசலக்க, அக்கரைக் கடைத்தெருவின் பஸ் ஹாரனும் ஈரமண் வாடையும் காற்றில் கலந்து வர, புதிதாய்ப் பதித்த புல்லுக்கடியில் யாரோ மொடக் மொடக்கென்று விழுங்குவது போல ஒரு சத்தம் கேட்டது.

நகரத்துக்கு நடுவே ஆறு பிரிந்து சேரும் இடத்தில் கிடந்த நடுத்திட்டு, முதலில் நாகேஸ்வரன் பண்ணையின் வாழைத்தோப்பு. காலரா வந்த வருஷம் அங்கே கொட்டகை போட்டு நோயாளிகளைக் கிடத்தினார்கள். ஆட்சி மாறி, குத்தகைச் சட்டமும் கூலிப் போராட்டமும் ஊரைக் கலக்கிய வருஷம், பண்ணையின் அடியாட்கள் போராடிய கூலியாட்கள் பதினோரு பேரைப் பிடித்துவந்து அதே கொட்டகையில் பூட்டினார்கள். அது நடந்து ஏழு வருஷம். இப்போது நகராட்சி அங்கே பூங்கா போட்டிருந்தது. நாளை திறப்புவிழா.

பதினோரு பேரில் ஒருவன் அவள் தம்பி முருகையன். அப்போது அவள் பண்ணை வாழைக்குத் தண்ணீர் சுமந்தவள். "அக்கா, தண்ணி..." என்று கொட்டகைக்குள்ளிருந்து குரல் வந்தது. எதிரே பண்ணைக் காரியஸ்தர் கல்யாணம் நின்றிருந்தார். இடுப்பில் தளும்பிய குடத்தோடு, காது கேளாதவள் போலக் கடந்து போனாள். மூன்றாம் நாள் சத்தமே இல்லை. பதினோரு பேரும் கோடியக்கரைப் பக்கம் ஓடிவிட்டதாகச் சொன்னார்கள். அவளும் நம்பிவைத்தாள். அதற்குப் பிறகு அவளுக்கு அழுகை வந்ததில்லை. பசிகூடச் சரியாய்த் தெரிந்ததில்லை.

பூங்கா வேலை மேஸ்திரி இராஜாங்கத்தைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"எலி வளையா இருக்கும்மா. இதுக்குப் போயி..." அவர் குந்தி, புல்லை விலக்கி, முழங்கை வரை கையை விட்டுத் துழாவினார். சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

"என்னங்க?"

"புடிச்சிருக்காங்க."

"யாருங்க?"

"தெரியல. இழுக்கல. சும்மா கையக் கோத்துப் புடிச்சிருக்கு."

அவள் பதறவில்லை. "எத்தன வெரலுங்க?"

எண்ணுவது போல அவர் உதடுகள் அசைந்தன.

"நாலு."

முருகையன் கதிரறுப்பில் சுண்டுவிரலை இழந்தவன்.

இராஜாங்கம் கையை உருவிக்கொண்டார். மண் ஒட்டியிருக்கவில்லை. செருப்பைக்கூட மாட்டாமல் பாலத்தை நோக்கி நடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

அவள் நின்றாள். பயம் வரணுமே என்று நினைத்தாள். வரவில்லை.

விழுங்கும் சத்தம் நின்றது.

ஆற்றின் சத்தமும் நின்றது.

புல் பிளந்தது. இங்கே. அங்கே. வரிசையாக.

கைகள். பண்ணை வாசலில் எட்ட நின்று தண்ணீர் வாங்கிக் குடிக்கக் கூலியாட்கள் ஏந்துவது போல, சேர்த்துக் குவித்த கைகள். பதினோரு ஜோடி.

குழாயைத் தூக்கினாள். ஒரு சொட்டு விழுந்தது. பிறகு வெறும் காற்று.

"தம்பி..." என்றாள்.

எல்லாக் கைகளும், மெல்ல, அவள் பக்கம் திரும்பின.