முதலியார் மொழிபெயர்க்காத பதில்

1938ஆம் ஆண்டு ஆடி மாதத்து முதல் திங்கட்கிழமை, மத்தியானம் இரண்டு மணிக்கு, கொட்டாஞ்சேனையில் வின்சன்ற் மாஸ்ரரின் சுருக்கெழுத்து வகுப்பில் சேர்ந்தேன். கீழே கருவாட்டுக் கடை. மேலே நீண்ட அறை, உட்கார நான்கு வாங்குகள், துறைமுகத்துக் கப்பல்களின் ஊதல். மாணவர் இருவர்தான்: நானும் நிலாமும்.

நீதிமன்றச் சுருக்கெழுத்தாளர் பரீட்சைக்கு ஒரு மாதம் இருந்தது. ஏழு பிழைக்கு மேற்பட்டால் தோல்வி. அந்த வருடத்தோடு எனக்கு வயதெல்லை முடிகிறது. தவறினால் இன்னொரு தடவை கிடையாது.

மாஸ்ரர் முன்பு அதே வேலை பார்த்தவர். பழைய வழக்கொன்றின் தாள்களை ஆங்கிலத்தில் வாசிப்பார், நாங்கள் எழுதுவோம். எல்லாம் நீதிமன்றத்தில் நடப்பது போலவே. கேள்வியை வாசித்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு, பத்து வினாடி மணிக்கூட்டைப் பார்ப்பார். அது சாட்சி தமிழில் பேசும் நேரம். அதில் எங்களுக்கு வேலையில்லை. பிறகு முதலியார், அதாவது நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர், சொன்ன ஆங்கிலத்தை வாசிப்பார். அதை மட்டுமே எழுதவேண்டும்.

மூன்றாம் வாரம் மழை பிடித்தது. பட்டப்பகலிலும் அறை இருண்டு கிடந்தது. அப்படியொரு பத்து வினாடி இடைவெளியில், பின் வாங்கில் யாரோ மெல்ல இருமியது கேட்டது. கருவாட்டு மணத்தை மீறிக்கொண்டு துணி கருகும் மணம் வந்தது.

என் பென்சில் ஓடிக்கொண்டிருந்தது.

எழுதியதைத் திருப்பி வாசிக்கும்போது, பாதியில் என் குரல் தமிழுக்கு மாறியது. சுருக்கெழுத்துக் கோடுகள் ஒலியைத்தான் பிடிக்கின்றன. எந்தப் பாஷையானாலும் பிடிக்கும்.

"கதவ நான் பூட்டலீங்க தொரை. சாவி தொரைசாணி கையில இருந்துச்சு."

நிலாம் சிரித்துவிட்டான். "அடேய், மாஸ்டர் இங்கிலீஸ்ல வாசிக்கக்கொள்ள நீ தோட்டத்துப் பாஷையில எழுதீக்கிறாய்! வெள்ளவத்தைல ஏறின கோச்சில இன்னமும் தூங்குறியா?"

மாஸ்ரர் சிரிக்கவில்லை. என் கொப்பியை வாங்கிக் கோடுகளை விரலால் தடவினார்.

"ஆர் உமக்கு இதைச் சொன்னது?"

"ஒருத்தரும் இல்லை, சேர். கேட்டுது. எழுதினன்."

"முதலியார் சொன்னதை மட்டும் எழுதும்."

"எந்த முதலியார், சேர்?" என்றான் நிலாம். "இங்க நாங்க மூணு பேர்தானே?"

மாஸ்ரர் கதிரையில் சரிந்தார். மழையைப் பார்த்தபடி சொன்னார். அவர் வாசித்துவந்த வழக்கில் சாட்சிக்கூண்டில் நின்றவள் பெயர் ஆறாயி. ஒரு துரை வீட்டு ஆயா. தீப்பிடித்த அறைக்குள் பிள்ளை இறந்துபோனது. கதவைப் பூட்டினவள் அவளே என்று வழக்கு.

"அவள் சொன்னது எனக்கு வடிவா விளங்கினது, தம்பி. முதலியார் என்ன சொன்னார் தெரியுமே? கேள்வி விளங்கேல்லையாம் எண்டார். நான் அதைத்தான் எழுதினன். சட்டம் அப்பிடி."

"பிறகு, சேர்?"

"தூக்கிலை போட்டாங்கள்."

பின் வாங்கு, ஆள் எழும்பினாற்போல் கிறீச்சிட்டது.

அங்கே ஒருவரும் இல்லை.

பரீட்சை காலை பத்து மணிக்கு. வெள்ளை மண்டபம், நல்ல வெயில். பரீட்சகர் ஒரு தென்னந்தோட்டக் காணி வழக்கை வாசித்தார். என் கை தடையின்றி ஓடியது. அவர் ஒரு தாளைப் புரட்ட நிறுத்தினார்.

கருகிய மணம்.

காதோரம் சூடான மூச்சு.

என் கை நிற்கவில்லை.

எழுதிய கோடுகளைப் பார்த்துத் தட்டச்சு செய்கையில், ஆறாயியின் அந்த வரியில் வந்து முட்டினேன். எண்ணிப் பார்த்தேன்: எட்டுச் சொற்கள். போட்டால் எட்டுப் பிழை.

"எழுதிருங்க, தொரை," என்றது மூச்சு. கெஞ்சலாகத்தான் கேட்டது.

நான் அதை விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போனேன்.

தோல்வி என்று கடிதம் வந்தது. நம்ப முடியவில்லை. விடைத்தாளைப் பார்க்க அனுமதி கேட்டு முறைப்படி விண்ணப்பித்தேன். கந்தோரில் பூபாலசிங்கம் என்ற கிளாக்கர் தாளை விரித்தார். எனது பிழைகள் இரண்டு. சிவப்பு மையில் வட்டமிடப்பட்டிருந்தன. அவற்றின் கீழே, இரண்டு வரிகளுக்கு நடுவில், கறுப்பாக ஒரு கோடு. ஓரத்தில் குறிப்பு: எட்டுச் சொற்கள் விடுபட்டுள்ளன.

மொத்தம் பத்து. பரீட்சகரின் கையொப்பமும் இருந்தது.

பூபாலசிங்கம் வாசிக்கப்பட்ட மூலத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்து, சொல்லுக்குச் சொல் ஒப்பிட்டார். இரண்டு தடவை.

"இதிலை ஒண்டும் விடுபடேல்லையே, தம்பி. சரியாத்தானே அடிச்சிருக்கிறீர்? ஆர் இந்தக் கோட்டைப் போட்டது?"

மை காய்ந்திருக்கிறதா என்று பார்ப்பவர்போல அதை விரலால் தேய்த்தார்.

"ஐயோ!" என்று கையை உதறினார். விரல் நுனியில் கரி. "சுடுகுது!"