எட்டாவது இன்னிங்ஸில் யாரும் பேசவில்லை

டெலிபோன் அலறியபோது லவான் முட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

ஐந்தாவது மணியில் அடுப்பை அணைத்தாள். ஏழாவதில் எடுத்தாள்.

"மேடம், நான் டேரல். கோச் இருக்காரா?"

ஷெரிஃப் டேரல் ஹாசெக். பதினெட்டு வருடம் முன்னால் அவள் கணவன் வெர்னனின் கல்லூரி பேஸ்பால் அணியில் ஆடியவன். இப்போது இடுப்பில் துப்பாக்கி. ஆனாலும் கோச் வீட்டுக்குப் பேசும்போது குரல் தானாகக் கொஞ்சம் குனிந்துவிடும்.

"குளிக்கறார். என்ன விஷயம்?"

"ராய்ஸ் பெண்ட்லி செத்துட்டார்... மைதானத்துல, வர்ணனைக் கூண்டுக்குப் பின்னால இரும்பு மாடிப்படி இருக்கே, அதுக்குக் கீழே. நேத்து மேட்ச் நடக்கும்போதே விழுந்திருக்கார். இன்னிக்குக் காலைலதான் பார்த்தாங்க."

பெண்ட்லி, கல்லூரியின் விளையாட்டுத் துறை இயக்குநர். கோச்சை வைப்பதும் தூக்குவதும் அவர் கையில்.

லவான் தன் மனதைத் தொட்டுப் பார்த்தாள். பல் டாக்டர் ஊசி போட்டபின் கன்னத்தைத் தொட்டுப் பார்ப்பதுபோல.

ஒன்றுமில்லை. நேற்று மாலையிலிருந்தே ஒன்றுமில்லை.

"நாங்க வரணுமா?"

"வேண்டாம் மேடம். நான்தான் வந்துட்டிருக்கேன்."

போனை வைத்தாள். சலவை இயந்திரத்திலிருந்து வெர்னனின் சீருடையை எடுத்து உதறினாள். பையிலிருந்து சூரியகாந்தி விதைத் தோல்கள் உதிர்ந்தன. இருபத்தொன்பது வருடமாக உதிர்கின்றன. பிப்ரவரியில் பயிற்சி ஆரம்பித்தால் ஜூன் வரை அவளுக்குப் புருஷன் கிடையாது. மீதி மாதங்களில் அவன் புதுப் பையன்களைத் தேடி ஊர் ஊராகப் போவான். மகள் பிறந்த அன்றுகூட இரண்டு ஆட்டங்களுக்கு நடுவே வந்து, குழந்தையைப் பார்த்துவிட்டு, இரண்டாவது ஆட்டத்துக்குப் போனான்.

இந்த ஜூனோடு ஒப்பந்தம் முடிகிறது. நான்கு வருடத் தொடர் தோல்வி. பெண்ட்லி இனி புதுப்பிக்க மாட்டார் என்று நெப்ராஸ்காவின் அந்தச் சின்ன ஊர் முழுக்கப் பேச்சு.

வெர்னன் தலை துவட்டிக்கொண்டே வந்தான். சொன்னாள்.

அவன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"பெண்ட்லியா... அப்ப சனிக்கிழமை மேட்ச் உண்டா இல்லையா?"

"முட்டை ஆறுது வெர்ன்."

டேரல் வந்து தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். காபியைத் தொடவில்லை.

"தவறி விழுந்தாரா?" லவான் கேட்டாள்.

"சட்டைப் பொத்தான் ரெண்டு மேல் படியில கிடக்கு மேடம். தானா விழறவர் பொத்தானைப் பிச்சுப் போட்டுட்டு விழ மாட்டார். தள்ளியிருக்காங்க. எட்டாவது இன்னிங்ஸ்ல."

"அவ்வளவு கரெக்டாவா?"

"அப்பதான் வெளியூர் போயிருக்கற பெண்டாட்டிகிட்டப் போன்ல பேசிட்டிருந்தார்... கோச், ஆறாவது இன்னிங்ஸ்ல அம்பயர் உங்களை வெளியே அனுப்பினார். அப்புறம் எங்க போனீங்க?"

"அம்பயராடா அவன்? குருடன்." வெர்னன் ஜன்னலைப் பார்த்தான். "வண்டியில போய் உட்கார்ந்தேன்."

"தனியாவா?"

வெர்னன் ஈரத் துண்டை மடிக்க ஆரம்பித்தான்.

வேலை போகப்போகிறவன். ஆட்டத்தின் பாதியில் காணாமல் போனவன். கொலையை அவன் தலையில் கட்ட இதற்கு மேல் என்ன வேண்டும்?

"நானும் கூடத்தான் இருந்தேன்," என்றாள் லவான்.

வெர்னன் திரும்பி அவளைப் பார்த்தான். கடைசியாக எப்போது இப்படிப் பார்த்தான் என்று யோசித்தாள். ஞாபகம் வரவில்லை.

"ரேடியோ கேட்டீங்களா மேடம்?"

"கேட்டோம். எட்டாவது இன்னிங்ஸ்ல அந்த வர்ணனைக்காரன் மெர்ல் ஒரே கத்தல். 'நம்ம பிட்சர் இதுவரைக்கும் ஒரு ஹிட்கூடக் கொடுக்கலை, இன்னும் ரெண்டே இன்னிங்ஸ், ஆறே அவுட்'னு. நான்தான் சத்தத்தைக் குறைச்சேன்."

வெர்னன் கண்களை மூடிக்கொண்டான்.

டேரல் தொப்பியை மேஜைமேல் வைத்தான், ரொம்ப மெதுவாக.

"மேடம்... பந்து வீசற பிட்சர் எதிரணில ஒருத்தனையும் அடிக்க விடாம, ஒரு ஹிட்கூடக் கொடுக்காம ஆடிட்டிருந்தா, நாங்க அவன் பக்கத்துல உட்கார மாட்டோம். அவன்கிட்டப் பேச மாட்டோம். அந்த விஷயத்தையே வாயில எடுக்க மாட்டோம். எடுத்தா அவ்வளவுதான், அடுத்த பந்துலயே அடி விழும். மெர்ல் முப்பது வருஷமா மைக் பிடிக்கறான், ஒரு தடவை சொன்னதில்லை. நேத்து எட்டாவது இன்னிங்ஸ் பூரா சோள விலை படிச்சான்."

"ஓ," என்றாள் லவான்.

இருபத்தொன்பது வருடம் அந்த மௌனத்தின் நடுவே குறுக்கெழுத்துப் புதிர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். யாரும் சொன்னதில்லை. வீட்டிலும் அதே மௌனம்தான் என்பதால் வித்தியாசம் தெரியாமல் போயிருக்கலாம்.

"அவளை விடுடா," வெர்னன் எழுந்தான். "எனக்காகப் பொய் சொல்றா. நான்தான் தள்ளினேன். என்னைத் தூக்கப் பார்த்தான்... தள்ளிட்டேன். போதுமா?"

"நீங்க தள்ளலை கோச்."

"நான்தான்கறேன்."

"நீங்க ஸ்கோர்போர்டுக்குப் பின்னால இருந்தீங்க. நம்பர் மாட்டற ஓட்டை வழியா பசங்களுக்குச் சைகை காட்டிட்டிருந்தீங்க. ஆட்டம் முடியற வரைக்கும் மூணாவது வரிசைலேர்ந்து நானே பார்த்தேன்."

இப்போதுதான் வெர்னனின் முகம் வெளுத்தது.

"டேய்... லீக்ல சொல்லிடாதே. வெளியே அனுப்பினவன் சைகை காட்டினா மூணு மேட்ச் தடைடா."

"கொலையை ஒத்துக்கறீங்க, இதை ஒத்துக்க மாட்டீங்களா?"

"கொலைக்கு நான் மட்டும்தானே உள்ளே போவேன். இதுக்கு டீமே நாசமாப் போகும்."

டேரல் பெருமூச்சு விட்டான். உள்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தான்.

"பெண்ட்லி கோட்டுல இருந்துது. படிங்க."

வெர்னன் படித்தான். உதடுகள் அசைந்தன.

"அஞ்சு வருஷம்... எனக்கா? ஒப்பந்தத்தை நீட்டியிருக்காங்களா?"

அந்த முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. மகளைக் கையில் வாங்கியபோதுகூட லவான் பார்க்காத வெளிச்சம்.

டேரல் இப்போது அவள் பக்கம் திரும்பினான்.

"போன்ல பெண்ட்லி கடைசியாச் சொன்னது இதுதான் மேடம். 'யாரோ படியேறி வராங்க. இந்த நல்ல செய்தியை முதல்ல அவங்ககிட்டத்தான் சொல்லணும்.' கோச் அங்கே போகலை. வண்டியிலயும் யாரும் இல்லை. நீங்க கோச்சைக் காப்பாத்தலை. அந்த நேரத்துல இருந்ததாச் சொல்ல உங்களுக்குத்தான் ஒரு இடம் தேடினீங்க."

லவான் தட்டிலிருந்த முட்டையைப் பார்த்தாள். யாரும் தொடாமலே ஆறிவிட்டது.

"நன்றி சொல்லத்தான் மேல ஏறினேன் டேரல்."

"எதுக்கு?"

"இவரை வீட்டுக்கு அனுப்பறதுக்கு. அடுத்த ஏப்ரல்ல ஒரு ராத்திரியாவது ரெண்டு பேரும் ஒண்ணா உட்கார்ந்து சாப்பிடுவோம்னு... அவர் சிரிச்சுக்கிட்டே 'இன்னும் அஞ்சு வருஷம், சந்தோஷம்தானே?'ன்னு கை கொடுக்க வந்தார்."

"அப்புறம்?"

"நானும் கையை நீட்டினேன்."

அழுகை வருமா என்று காத்திருந்தாள். வரவில்லை.

"லவ்..." வெர்னன் காகிதத்திலிருந்து தலையை நிமிர்த்தினான். "இதுல பெண்ட்லி கையெழுத்து இருக்கு. அவன் செத்துட்டாலும் இது செல்லும்தானே?"

டேரல் விலங்கை எடுக்கவில்லை. போலீஸ் காரின் பின்கதவைத் திறந்து பிடித்தான். லவான் பாவாடையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தாள்.

"எத்தனை வருஷம் கிடைக்கும் டேரல்?"

"பதினைஞ்சு, இருபது... வக்கீலைப் பொறுத்தது மேடம்."

"அங்க பேஸ்பால் கிடையாதே?"

டேரல் தயங்கினான்.

"பேஸ்பால் இல்லை... பெண்கள் சிறையில சாஃப்ட்பால்னு அதே மாதிரி ஆட்டத்துக்கு ஒரு டீம் இருக்கு. நல்ல கோச் கிடைக்காமத் தவிக்கறாங்க."

லவான் கார்க் கதவைத் தானே இழுத்துச் சாத்திக்கொண்டாள்.

"வெர்ன்கிட்டச் சொல்லித் தொலைக்காதே."